பாங்காக்கில் மூன்று நாள்: துணி, சாப்பாடு, சந்தை, எதை எந்த நேரத்துக்கு வைப்பது?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாக எழுதிக்கொள்கிறேன். வெள்ளி மாலை பாங்காக்கில் இறங்குகிறீர்கள், திங்கள் இரவு விமானம். நீங்களும் உங்கள் அக்காவும் மட்டும். அக்கா சைவம், நீங்கள் எல்லாம் சாப்பிடுவீர்கள். அரண்மனை, கடற்கரை எதுவும் இந்த முறை வேண்டாம். துணி எடுக்க வேண்டும், நன்றாகச் சாப்பிட வேண்டும், சந்தை சுற்ற வேண்டும். எங்கே தங்குவது, எந்த நாள் எங்கே போவது, காலிப் பெட்டி ஒன்றைக் கூடவே கொண்டுபோகலாமா என்பவை உங்கள் கேள்விகள்.

நான் சின்ன அளவில் ஆயத்த ஆடை வாங்கி விற்பவள், அதற்காகவே பாங்காக்குக்குப் பல முறை போயிருக்கிறேன். முதல் இரண்டு பயணங்களில் "பார்க்க வேண்டிய இடங்கள்" பட்டியலை வைத்துக்கொண்டு ஓடினேன், பாதி இடத்தில் ஷட்டர் இறங்கியிருந்தது, மீதி இடத்தில் கூட்டம் நெரிந்தது. அந்த ஊரில் ஒவ்வொரு சந்தைக்கும் ஒரு நாளும் ஒரு நேரமும் உண்டு. சத்துசாக் சனி, ஞாயிறு பகலில்தான் முழுதாக இருக்கும். பூச்சந்தை நள்ளிரவில்தான் விழிக்கும். சீனப் பகுதியில் நடைபாதைச் சாப்பாடு இருட்டிய பிறகுதான் ஆரம்பம், அதுவும் திங்கள்கிழமை பெரும்பாலான வண்டிகள் வராது. அதனால் இடங்களை எடுத்துக்கொண்டு நாட்களில் அடைக்காதீர்கள், சந்தையின் நேரத்தை முதலில் வைத்து அதைச் சுற்றி மற்றதைப் போடுங்கள். மூன்று நாளைக்கு மூன்று பகுதி போதும், நாலாவது வேண்டாம்.

தங்குவதற்கு பிரத்தூநாம், ராச்சதேவி, பாயா தாய் என்ற மூன்றும் ஒட்டிக் கிடக்கிற பகுதிகள், அங்கே எடுங்கள். சுவர்ணபூமி விமான நிலையத்திலிருந்து நகருக்குள் வருகிற ரயில் பாயா தாய் நிலையத்தில் முடிகிறது, அரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம், கட்டணம் 45 பாத். வெள்ளி மாலை நெரிசலில் டாக்ஸியில் மாட்டிக்கொள்வதைவிட இது எவ்வளவோ மேல். அதற்கு முந்தின நிலையமான ராச்சபராரோப்பில் இறங்கினால் பிரத்தூநாம் துணிச்சந்தை நடக்கும் தூரம். இதில் இன்னொரு வசதி இருக்கிறது, யாரும் சொல்ல மாட்டார்கள்: நடுப்பகலில் கையில் நாலு பை சேர்ந்துவிடும், வெயில் தலையைப் பிளக்கும், அப்போது பத்து நிமிடத்தில் அறைக்குப் போய்ப் பையைப் போட்டுவிட்டுக் குளித்து, ஒரு மணி நேரம் படுத்து எழுந்து மறுபடி கிளம்பலாம். துணி வாங்கப் போகிறவர்களுக்கு அறையின் அழகைவிட இந்தப் பத்து நிமிடம்தான் முக்கியம். (இறங்குவது தோன் முவாங் விமான நிலையமா என்று டிக்கெட்டில் பாருங்கள், அங்கிருந்து வழி வேறு.) தாய்லாந்துக்குள் நுழையும் முன் இணையத்தில் நிரப்ப வேண்டிய வருகை அட்டை ஒன்று 2025 மே முதல் கட்டாயம், கட்டணம் கிடையாது, அரசுத் தளத்தில் மட்டும் நிரப்புங்கள்.

வெள்ளி இரவு எதுவும் திட்டமிடாதீர்கள். அங்கே கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடும், பெட்டியை வைத்து முகம் கழுவுவதற்குள் மணி ஒன்பது ஆகியிருக்கும். பக்கத்தில் ஏதாவது சாப்பிட்டுத் தூங்குங்கள். தையல்காரரிடம் கோட் தைக்கும் எண்ணம் வீட்டில் யாருக்காவது இருந்தால் மட்டும் அன்றைக்கே அளவு கொடுக்க வேண்டும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

சனிக்கிழமை சத்துசாக். இது 1982-இல் இப்போதைய இடத்துக்கு மாறிய வாரச் சந்தை, 27 பிரிவுகள், ஆயிரக்கணக்கான கடைகள். மெட்ரோவில் கம்பேங் பெத் நிலையத்தில் இறங்கி 2-ஆம் வாசலில் ஏறினால் நேராகச் சந்தைக்குள்ளேயே நிற்பீர்கள். மோ சித் மேம்பால ரயில் நிலையத்தில் இறங்குகிறவர்கள் கொஞ்சம் நடக்க வேண்டும். ஒன்பது மணிக்குச் சந்தை திறக்கும் என்றாலும் நல்ல துணிக்கடைகள் பல பத்து மணிக்குத்தான் துணியைத் தொங்கவிடும். பத்துக்குப் போய் ஒரு மணிக்குள் முடித்துவிடுங்கள். மேலே தகரக்கூரை, உள்ளே காற்று அசையாது, இரண்டு மணிக்கு மேல் நின்று துணி தேர்ந்தெடுக்கும் பொறுமை யாருக்கும் இருக்காது, அந்த நேரத்தில் வாங்கினதுதான் ஊருக்கு வந்து பார்த்தால் "இதை ஏன் வாங்கினேன்" என்று தோன்றும் துணி.

27 பிரிவையும் சுற்ற நினைக்காதீர்கள். 2, 3, 4 பிரிவுகளில் இளம் வடிவமைப்பாளர்கள் தாங்களே வெட்டித் தைத்த உடைகளைச் சின்னச் சின்னக் கடைகளில் வைத்திருப்பார்கள். லினன், பருத்தி, தளர்வான கால்சட்டை, கையால் சாயம் போட்ட மேலாடை எல்லாம் இங்கே. மால்களிலும் பிரத்தூநாமிலும் கிடைக்காத உடை என்று ஏதாவது இருந்தால் அது இங்கேதான். 5, 6 பிரிவுகளில் பழைய உடைகள், அதாவது பழைய ஜீன்ஸ், ராணுவச் சட்டை, பழைய டி-ஷர்ட் தேடுகிறவர்களுக்கு அது ஒரு தனி உலகம். 7-இல் ஓவியங்கள், 26-இல் பழம்பொருட்கள். நடுவில் ஒரு மணிக்கூண்டு இருக்கிறது, பிரிந்துவிட்டால் அங்கே சந்திப்போம் என்று அக்காவிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள்.

சத்துசாக்கில் ஒரு விஷயம் மட்டும் மற்ற சந்தைகளுக்கு நேர் எதிர். பிடித்தது கண்ணில் பட்டால் அப்போதே வாங்கிவிடுங்கள், "சுற்றிவிட்டு வந்து வாங்கலாம்" என்று போனால் அந்தக் கடை மறுபடி கிடைக்காது. சந்துகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். மனசு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கடை நெற்றியில் பிரிவு எண்ணும் சந்து எண்ணும் எழுதியிருக்கும், அதைப் படம் எடுத்துக்கொண்டு நகருங்கள்.

மதியச் சாப்பாட்டுக்குச் சாலையைக் கடந்து எதிரே ஓர் தோர் கோர் சந்தைக்குப் போங்கள். அரசின் உழவர் சந்தை நிறுவனம் நடத்துவது, தரை காய்ந்து சுத்தமாக இருக்கும், பழமும் காயும் அடுக்கியிருக்கிற விதத்துக்காகவே ஒரு சுற்றுச் சுற்றலாம். விலை தெருவைவிடக் கூடுதல், தரமும் அப்படித்தான். உள்ளே சாப்பாட்டுக் கூடம் இருக்கிறது. ஏப்ரல், மே பக்கம் போனால் மாம்பழமும் தேங்காய்ப்பால் ஊற்றிய ஒட்டரிசிச் சோறும் (காவ் நியாவ் மாமுவாங் என்று கேளுங்கள்) கட்டாயம் சாப்பிடுங்கள், அது பருவத்தில் ஒரு ருசி, பருவம் தப்பினால் வேறு ருசி. துரியான் பழத்தை அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டு முடித்துவிடுங்கள், பெரும்பாலான விடுதிகளில் உள்ளே கொண்டுவர விடமாட்டார்கள்.

சனி மாலை அறையில் ஓய்வு. இரவு வெற்றி நினைவுச்சின்னம் பக்கம் போகலாம், அங்கே படகு நூடுல்ஸ் என்று சின்னச் சின்னக் கிண்ணத்தில் தருவார்கள், நாலு வாயில் ஒரு கிண்ணம் காலி, கிண்ணங்களை அடுக்கி எண்ணித்தான் பணம் வாங்குவார்கள். குழம்பில் மாட்டு அல்லது பன்றி இரத்தம் சேர்ப்பது வழக்கம், அது வேண்டாம் என்றால் முன்னாலேயே சொல்லுங்கள். அக்காவுக்கு அந்தக் கடையில் எதுவும் இல்லை, அதனால் அவருக்கு முதலில் வேறு இடத்தில் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

இங்கேயே அக்காவின் சாப்பாட்டைப் பேசிவிடலாம், ஏனென்றால் இதை யோசிக்காமல் போனால் மூன்று நாளும் பழமும் ரொட்டியும்தான். தாய் சமையலில் இறைச்சி இல்லாத பதார்த்தத்திலும் மீன் சாறு இருக்கும், இறால் விழுது இருக்கும், சிப்பிச் சாறு இருக்கும். பப்பாளிக்காயை இடித்துச் செய்யும் சோம் தாமில் காய்ந்த இறால் போடுவார்கள். "காய்கறி மட்டும்" என்று கேட்டால் காய்கறியை மீன் சாற்றில் வதக்கித் தருவார்கள், அவர்கள் கணக்கில் அது காய்கறிதான், ஏமாற்றுவது இல்லை. நீங்கள் சொல்ல வேண்டிய சொல் "ஜே". சீன பௌத்த வழக்கத்தில் வந்த சுத்த சைவம் அது. இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது, வெங்காயம் பூண்டுகூடச் சேர்க்க மாட்டார்கள். ஜே விற்கிற கடையில் மஞ்சள் பட்டையில் சிவப்பு எழுத்து தொங்கும், அந்த எழுத்து நம் கண்ணுக்கு 17 என்று எழுதியது போலவே தெரியும். அக்காவிடம் "17 போட்ட மஞ்சள் பலகையைத் தேடு" என்று சொன்னால் போதும். கடைக்காரரிடம் "கின் ஜே, கா" என்றால் நான் ஜே சாப்பிடுகிறவள் என்று அர்த்தம், கடைசியில் வரும் "கா" பெண்கள் மரியாதைக்குச் சேர்ப்பது. தெருவோரத்தில் "மாய் சாய் நாம் ப்லா" என்று சொன்னால் மீன் சாறு போடாமல் செய்து தருவார்கள், ஆனால் அதே வாணலியில்தான் முந்தைய ஆளுக்கு இறால் வதக்கியிருப்பார்கள்; அக்கா அதைப் பொறுத்துக்கொள்வாரா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

அக்காவுக்குப் பயமில்லாமல் கிடைப்பவையும் உண்டு. கனோம் க்ரோக் என்று குழிக்கல்லில் தேங்காய்ப்பால் மாவு ஊற்றிச் சுடுவார்கள், பார்த்தால் குழிப்பணியாரம் என்று நினைப்பீர்கள், வெளியே மொறுமொறு, உள்ளே கூழ் போல நெகிழும், மேலே சில இடத்தில் வெங்காயத்தாள் அல்லது சோளம் தூவுவார்கள். சத்துசாக்கில் இளநீர்ச் சிரட்டையிலேயே வைத்துத் தரும் தேங்காய் ஐஸ்கிரீம் இருக்கிறது. வறுத்த வாழைப்பழம், மூங்கிலில் சுட்ட ஒட்டரிசி (இதில் இனிப்பும் கறுப்புப் பயறும் இருக்கும்), வெட்டி உப்பு மிளகாய்த்தூளோடு தரும் கொய்யா, அன்னாசி. ஒரு வேளை முழுச் சாப்பாடு நம் ருசியில் வேண்டும் என்றால் திங்கள்கிழமை பாஹுரத் என்ற இந்தியத் துணிக்கடைப் பகுதிக்குப் போகும்போது அங்கே இந்திய சைவ உணவகங்கள் இருக்கின்றன.

ஞாயிறு காலை பிரத்தூநாம். தூங்கி எழுந்து நடந்தே போகலாம். பிரத்தூநாம் என்றால் நீர்க்கதவு. பக்கத்தில் ஓடும் சேன்சேப் கால்வாயில் இருக்கும் மதகால் வந்த பெயர். 1837-இல் வெட்டத் தொடங்கிய கால்வாய், அப்போது படை கொண்டுபோக வெட்டினார்கள், இன்றைக்கு அதில் ஆயிரக்கணக்கானவர்கள் படகில் வேலைக்குப் போகிறார்கள். பையோக் கோபுரத்தைச் சுற்றியுள்ள சந்துகள் எல்லாம் மொத்த விலைத் துணி, எதிரே பிளாட்டினம் என்ற குளிர்சாதன மால், உள்ளே சுமார் 2,000 சின்னக் கடைகள். எட்டரை ஒன்பதுக்குப் போய்விடுங்கள், பதினொன்றுக்கு மேல் நகரும் படிக்கட்டில்கூட வரிசை நிற்கும்.

இங்கே விலை எப்படி என்றால், பலகையில் இரண்டு விலை இருக்கும் அல்லது கடைக்காரர் கணக்குப்பொறியில் இரண்டு எண் தட்டிக் காட்டுவார். ஒன்று எடுத்தால் ஒரு விலை, மூன்று எடுத்தால் ஒவ்வொன்றுக்கும் குறைந்த விலை. சில கடையில் மூன்றும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், நிறம் மட்டும் மாறலாம். சில கடையில் கலந்து எடுக்கலாம். இதை முதலில் கேட்டுவிட்டு அப்புறம் துணியைப் பாருங்கள். நீங்கள் இருவர் போவது இதற்கு ரொம்ப வசதி, உங்களுக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று, யாருக்காவது பரிசாக ஒன்று என்று எடுத்தாலே மொத்த விலை வந்துவிடும். இந்தச் சந்தையில் பேரம் என்றால் அதுதான், பாதி விலைக்குக் கேட்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். சத்துசாக்கிலும் தெருக்கடையிலும் "லோத் தாய் மாய், கா" (குறைக்க முடியுமா) என்று சிரித்த முகத்தோடு கேட்டால் பத்து சதவீதமோ கொஞ்சம் கூடவோ குறைப்பார்கள். குரலை உயர்த்தினால் அங்கே வியாபாரம் முடிந்தது, அவர் கோபப்பட மாட்டார், முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

பெரும்பாலான கடையில் போட்டுப் பார்க்க விடமாட்டார்கள். "ஃப்ரீ சைஸ்" என்று எழுதியிருக்கும், அது தாய்லாந்துப் பெண்களின் உடம்புக்கு ஃப்ரீ, நம்மில் பலருக்குத் தோளிலும் மேல்கையிலும் பிடிக்கும். கைப்பையில் தையல் அளவு நாடா ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், நான் அது இல்லாமல் போவதே இல்லை. வீட்டில் உங்களுக்கு நன்றாகப் பொருந்துகிற ஒரு மேலாடையைத் தரையில் விரித்து அக்குளுக்கு அக்குள், தோளுக்குத் தோள், மேல்கைச் சுற்று, நீளம் நான்கையும் அங்குலத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள். கால்சட்டைக்கு இடுப்பு, தொடை, முன் கவட்டு உயரம். கடையில் துணியை விரித்து நாடாவை வைத்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். உடம்பில் நாடா சுற்றி எடுத்த அளவு இங்கே உதவாது, துணியின் அளவோடு துணியின் அளவைத்தான் ஒப்பிட வேண்டும்.

துணியையும் பாருங்கள். குளிர்சாதன மாலில் கையில் வைத்தால் எல்லாத் துணியும் குளுகுளு என்றுதான் இருக்கும். பாலியெஸ்டர் லினன் போலவே நெய்யப்பட்டு வருகிறது. உள்ளங்கையில் இறுகக் கசக்கிப் பத்து விநாடி வைத்திருந்து விடுங்கள், கசங்கவே இல்லை என்றால் அது லினன் இல்லை. ஓரத் தையலை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள், இரண்டு தையலுக்கு நடுவில் வெளிச்சம் தெரிந்தால் மூன்று துவைப்பில் பிரிந்துவிடும். பொத்தான் துளை நூல் தொங்குகிறதா, கோடு போட்ட துணியென்றால் பக்கத் தையலில் கோடும் கோடும் சேருகிறதா, இவ்வளவுதான். கடைக்காரருக்கு நீங்கள் விஷயம் தெரிந்தவர் என்றும் புரிந்துவிடும்.

மதியத்துக்கு மேல் பைகளை அறையில் வைத்துவிட்டு பிரத்தூநாம் படகுத்துறையில் மேற்கே போகிற படகில் ஏறுங்கள், அடுத்த துறை ஹுவா சாங். துணியில் ஆசை உள்ளவர்கள் பார்த்தே ஆக வேண்டிய இடம் அங்கே இருக்கிறது, நீங்கள் சுற்றிப் பார்க்கிற இடங்கள் வேண்டாம் என்று சொன்னாலும் இதை மட்டும் நான் வற்புறுத்துவேன். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு தாய்லாந்துக்கு வந்த ஜிம் தாம்சன் என்ற அமெரிக்கர், கால்வாய்க்கு அக்கரையில் பான் க்ருவா என்ற சாம் இன முஸ்லிம்களின் குடியிருப்பில் பட்டு நெய்துகொண்டிருந்தவர்களிடம் துணி வாங்கி வெளிநாட்டில் விற்க ஆரம்பித்தார். தாய் பட்டுக்கு உலகம் முழுக்கப் பெயர் வந்ததில் அந்தத் தறிகளுக்குப் பெரிய பங்கு. அவர் 1959-இல் பழைய தேக்கு வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து இக்கரையில் வீடு கட்டிக்கொண்டார், 1967 மார்ச்சில் மலேசியாவின் கேமரன் மலையில் நடக்கப் போனவர் திரும்பி வரவே இல்லை. வீடு இப்போது அருங்காட்சியகம். அதைப் பார்த்துவிட்டு அக்கரைக்கு நடந்து பான் க்ருவா சந்துகளுக்குள் போங்கள். இன்னும் ஒன்றிரண்டு வீடுகளில் தறி இருக்கிறது. குடியிருப்புப் பகுதி அது, மெதுவாகப் பேசி, கேட்டுவிட்டுப் படம் எடுங்கள்.

பட்டு வாங்குவதாக இருந்தால் மயில் முத்திரையைத் தேடுங்கள், தாய்லாந்து அரசு தருவது. தங்க மயில் என்றால் நாட்டுப் பட்டுநூலில் பழைய முறையில் கையால் நெய்தது, வெள்ளி மயில் அதற்கு அடுத்த நிலை, நீல மயில் என்றால் அசல் பட்டு, ஆனால் முறையில் தளர்வு உண்டு, பச்சை மயில் என்றால் வேறு நூல் கலந்தது. நூலைக் கட்டிச் சாயம் போட்டு நெய்யும் மத்மீ என்ற வகை வடகிழக்கிலிருந்து வருகிறது, அதன் ஓரம் கலங்கினாற்போல இருப்பதுதான் அழகு, இரண்டு பக்கமும் நிறம் ஒரே மாதிரி இருக்கும். ஒரு பக்கம் பளிச், மறுபக்கம் மங்கல் என்றால் அது அச்சடித்தது.

ஞாயிறு இரவு யாவ்வராத், சீனப் பகுதி. மெட்ரோவில் வாட் மாங்கோன் நிலையம். இதைத் திங்களுக்கு ஒத்திப்போடாதீர்கள் என்று ஆரம்பத்திலேயே சொன்னேன். ஏழு மணிக்குப் போய் முதலில் சாலையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை எதையும் வாங்காமல் நடங்கள், சுமார் ஒன்றரை கிலோமீட்டர், அப்புறம் திரும்பி வரும்போது நிறுத்தி நிறுத்திச் சாப்பிடுங்கள். எந்த வண்டியில் உள்ளூர்க்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள், எந்த வண்டியில் சமைத்தது ஆறிப்போய்க் கிடக்கிறது என்று முதல் நடையில் தெரிந்துவிடும். இருவரும் ஒரு தட்டைப் பகிர்ந்துகொண்டால் ஐந்தாறு இடம் பார்க்கலாம். மிளகு தூக்கலான சுருள் நூடுல்ஸ் சூப், சிப்பி போட்ட முட்டை ஆம்லெட், கடைசியில் இஞ்சிச் சாற்றில் மிதக்கும் எள் உருண்டை. அந்த எள் உருண்டை அக்காவுக்கும் ஆகும்.

அதே சாலையில் சிவப்பு முகப்பு வைத்த நகைக்கடைகள் வரிசையாக நிற்கும், அக்கா கேட்பார், அதனால் சொல்லி வைக்கிறேன். அங்கே "பாத்" என்பது பணத்தின் பெயர் மட்டும் அல்ல, தங்க எடையின் பெயரும்தான். நகைக்கு ஒரு பாத் 15.16 கிராம், நம் இரண்டு சவரனுக்குக் கொஞ்சம் குறைவு. தங்கம் 96.5 சதவீதம் சுத்தம், நம் 22 காரட்டைவிடக் கூடுதல், அதனால் நிறமும் ஆழ்ந்த மஞ்சளாக இருக்கும், நகையும் கொஞ்சம் மென்மை. ஊருக்குக் கொண்டுவருவதற்கான சுங்க விதிகளைத் தெரிந்துகொள்ளாமல் வாங்காதீர்கள்.

கால் ஒத்துழைத்தால் அன்று நள்ளிரவுக்கு மேல் பாக் க்லாங் தலாத் பூச்சந்தைக்குப் போங்கள், வண்டியில் சில நிமிடம்தான். மல்லிகை மொட்டும் செவ்வந்தியும் மூட்டை மூட்டையாக இறங்கும். மல்லிகை மொட்டையும் ரோஜாவையும் ஊசியில் கோத்து வளையம் வளையமாகக் கட்டுவார்கள், புவாங் மாலாய் என்று பெயர், பூக்கட்டத் தெரிந்தவர்கள் அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம்.

திங்கள் காலை சம்பேங், பாஹுரத் இரண்டும். ஞாயிறில் இங்கே பல மொத்தக் கடைகள் விடுமுறை, அதனால்தான் திங்களில் வைத்தேன். சம்பேங் என்பது இரண்டு பேர் தோளோடு தோள் உரசிப் போகிற ஒரே சந்து, நடுவில் சரக்கு வண்டியும் ஸ்கூட்டரும் வரும். அரண்மனை கட்டுவதற்காக 1782-இல் இடம் பெயர்ந்த சீன வணிகர்கள் குடியேறிய இடம் அது. பொத்தான், நாடா, லேஸ், மணி, முடி கிளிப், காதணி, பரிசுப் பை, எல்லாம் டஜன் கணக்கில். சொந்தமாகத் தைக்கிறவர்களுக்கு இது திருவிழா. சந்தின் மேற்கு முனையில் நடந்தால் பாஹுரத் வந்துவிடும், சீக்கியர்களும் மற்ற இந்தியர்களும் பல தலைமுறையாகத் துணி விற்கிற இடம், தங்கக் குவிமாடம் வைத்த குருத்வாரா (சீக்கியர் கோயில்) தூரத்திலேயே தெரியும். சேலையும் சுடிதாரும் இங்கே எடுக்காதீர்கள், நம் ஊரிலிருந்து போனதுதான். தாய்லாந்து நாட்டிய உடைகளுக்கான ஜரிகை, சரிகைக் கரை, தாய் பாவாடைத் துணி, இவற்றைப் பாருங்கள்.

சில விஷயங்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். சந்தையில் ரொக்கம்தான், வெளிநாட்டு அட்டையில் ஏடிஎம்மில் எடுத்தால் ஒவ்வொரு முறையும் 200 பாத்துக்கு மேல் கட்டணம் பிடிப்பார்கள், அதனால் பணமாகக் கொண்டுபோய் நகரத்துக்குள் உள்ள நாணய மாற்றுக் கடைகளில் மாற்றுங்கள், விமான நிலையத்தில் டிக்கெட்டுக்குத் தேவையானது மட்டும். 7 சதவீத வரியைத் திரும்பப் பெறலாம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். சுற்றுலாப் பயணிகளுக்கான பலகை வைத்த கடையில் ஒரே நாளில் குறைந்தது 2,000 பாத்துக்கு வாங்கி, பாஸ்போர்ட் காட்டிப் படிவம் வாங்கினால்தான் அது, சந்தைக் கடைக்கெல்லாம் கிடையாது. படிவம் இருந்தால் விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைக்கும் முன்பே சுங்க மேசைக்குப் போங்கள். புத்தர் சிலை வாங்கினால் வெளியே கொண்டுபோக நுண்கலைத் துறையின் அனுமதி வேண்டும். ஏப்ரல் 13 முதல் 15 வரை நடக்கும் தாய்ப் புத்தாண்டான சொங்க்ரானோ, சீனப் புத்தாண்டோ உங்கள் பயண வாரத்தில் வந்தால் தேதியை மாற்றுங்கள், மொத்தக் கடைகள் மூடியிருக்கும். இரவுச் சந்தைகள் வாடகை நிலத்தில் நடப்பவை, பெயர் பெற்ற ரச்சதா ரயில் சந்தையே 2021-இல் மூடப்பட்டது, பழைய வீடியோவை நம்பிப் போகாதீர்கள்.

தையல் விஷயம். தெருவில் ஒருவர் தானாக வந்து "இன்றைக்கு அந்த இடம் மூடியிருக்கிறது, நான் வேறு இடம் காட்டுகிறேன், ஆட்டோவுக்கு 20 பாத் போதும்" என்றால் அது நகைக்கல் கடையிலோ தையல் கடையிலோதான் போய் நிற்கும். நானும் ஒரு முறை அப்படிப் போய், 24 மணி நேரத்தில் கோட் என்று பணம் கட்டினேன். முன்பக்கத் துணி உள்துணியோடு பசை வைத்து ஒட்டப்பட்டிருந்தது, முதல் சலவையிலேயே கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிட்டது. நல்ல கோட்டுக்கு அளவு கொடுத்த பிறகு குறைந்தது இரண்டு முறை போட்டுப் பார்க்க வேண்டும். மூன்று நாளில் அது அவசர வேலை, வெள்ளி இரவே அளவு கொடுக்க முடியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

கடைசியாகக் காலிப் பெட்டி. கொண்டுபோகாதீர்கள். பெரிய பெட்டிக்குள் சின்னப் பெட்டியை வைத்து ஒன்றாகக் கொண்டுபோங்கள், திரும்பும்போது இரண்டாக்குங்கள், எடை கூடுதலாகத் தேவைப்படும் என்று தெரிந்தால் இணையத்தில் முன்கூட்டியே வாங்குங்கள், கவுண்டரில் கட்டினால் பல மடங்கு. ஒரு பருத்தி மேலாடை சுமார் 200 கிராம், ஒரு ஜீன்ஸ் 600, 700 கிராம் வரும், அதனால் 20 கிலோவில் எவ்வளவு அடங்கும் என்று அங்கேயே மனக்கணக்கு போட்டுக்கொண்டு வாங்கலாம். கையடக்கத் தராசு ஒன்று எடுத்துப் போங்கள், ஞாயிறு இரவே ஒரு தடவை நிறுத்துப் பார்த்துவிட்டால் திங்கள் காலை சம்பேங்கில் இன்னும் எத்தனை கிலோ இடம் இருக்கிறது என்று தெரியும். துணியை மடிக்காமல் சுருட்டி வையுங்கள், மீன் சாறு, மிளகாய்ச் சாறு போத்தல்களை இரண்டு பையில் கட்டி நடுவில் வையுங்கள், மாம்பழத்தைப் பழமாகக் கொண்டுவர வேண்டாம், காய்ந்த மாம்பழத் துண்டு பாக்கெட்டுகளை ஓர் தோர் கோரில் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். விடுதியில் திங்கள் காலை அறையைக் காலி செய்யும்போது பெட்டியை மாலை வரை வைத்திருக்கச் சொன்னால் வைத்துக்கொள்வார்கள். ஐந்து மணிக்குத் திரும்பி அதை எடுத்துக்கொண்டு பாயா தாயில் ரயில் ஏறினால் இரவு விமானத்துக்கு அவசரமில்லாமல் போய்ச் சேரலாம்.